புத்தளத்தில் இறங்கி மலைக்குப் போனவர்: இப்னு பதூதாவின் வழியில் ஒரு பயணத் திட்டம்

கீரிக் கடற்கரையில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் மலை தெரியாது. மன்னார்த் தீவு முழுவதும் அப்படித்தான். பனையை விட உயரமான மரம் இங்கே இல்லை. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் கூட அகலத்தில்தான் பெரிது. அதனாலோ என்னவோ, படிக்கிற காலத்தில் எனக்கும் என் நண்பன் ஒருவனுக்கும் மலை என்றால் பைத்தியம். அவன் எருக்கலம்பிட்டி. நான் கீரி. இருவரும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் ஒரு சி.ஆர். கொப்பியில் திட்டம் எழுதினோம். மன்னாரில் இரவு ரயில் ஏறி, மதவாச்சி, அநுராதபுரம், மாகோ தாண்டிப் பொல்காவலையில் இறங்குவது. அங்கே மலைநாட்டு ரயிலுக்கு மாறி ஹட்டன். ஹட்டனில் பஸ் எடுத்து மஸ்கெலியா, நல்லதண்ணி. பிறகு நடை. நான் சிவனொளிபாதமலை என்று எழுதினேன். அவன் அதை வெட்டிப் பாவாதமலை என்று எழுதினான். பாவா ஆதம் மலை என்பதைத்தான் அவர்கள் வீட்டில் அப்படிச் சொல்வார்கள். என் அம்மா ஆதாம் மலை என்பார். கடைசியில் மூன்று பெயரையும் எழுதி வைத்தோம்.

1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியது. ரயில் நின்றது. ஒக்ரோபர் கடைசியில், ஆயுதம் வைத்திருந்தவர்களின் கட்டளைப்படி, தீவிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார்கள். எருக்கலம்பிட்டிச் சனம் கடற்கரையில் படகுக்குக் காத்திருந்தது. படகுகள் கற்பிட்டிக்குப் போயின. நான் கடற்கரைக்குப் போகவில்லை. போயிருக்கலாம். என்னைப் போக வேண்டாம் என்று யாரும் கட்டிவைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்குப் புத்தளத்தில் அகதி முகாம், கிடுகுக் கொட்டில், கடைசியில் சொந்தமாக ஒரு கல்வீடு. எங்களுக்கு மடு, பிறகு கடல் கடந்து மண்டபம் முகாம், பல வருடம் கழித்து மறுபடி கீரி. அந்தக் கொப்பி எங்கே போனது என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஆனால் போன மாரியில் ஒரு நாள் அவன் தொலைபேசியில் பேசும்போது, அதில் எழுதியிருந்த ரயில் நிலையப் பெயர்களை வரிசை மாறாமல் சொன்னான். முழங்கால் முற்றாகப் போவதற்கு முன்னம் ஒருமுறை ஏறிவிடுவோம் என்றும் சொன்னான்.

திட்டத்தை மறுபடி எழுத உட்கார்ந்தபோதுதான் இப்னு பதூதா நினைவுக்கு வந்தார். ஏறத்தாழ 680 வருடங்களுக்கு முன்னர், ஒரு தமிழ் அரசனின் ஏற்பாட்டில், புத்தளத்திலிருந்து அந்த மலைக்குப் போன மனிதர் அவர். உலகப் பயணி என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அவரது பயண நூலின் இலங்கைப் பகுதியை மெதுவாக வாசித்தால், அது எங்களுக்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது.

அவர் பிறந்தது 1304இல், மொரோக்கோவின் தாஞ்சியர் துறைமுக நகரில். நீதிபதிகள் வந்த குடும்பம். 1325 ஜூனில், 21 வயதில், மக்காவுக்கு ஹஜ் செய்யத் தனியாகப் புறப்பட்டார். துணைக்கு ஆள் இல்லை, சேர்ந்து போக வணிகக் கூட்டமும் இல்லை. தாய் தகப்பன் இருவரும் அப்போது உயிரோடிருந்தார்கள். பிரிந்தது மிகவும் நொந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். வழியில் கடுங்காய்ச்சல். விழுந்துவிடாமலிருக்கத் தன்னைத்தானே சேணத்தோடு கட்டிக்கொண்டு பயணம் செய்தார். தூனிஸ் நகரை அடைந்தபோது, கூட வந்தவர்களை வரவேற்க ஊரார் ஓடிவந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒருவர் வந்து கைகொடுத்தார். இவரை விசாரிக்க ஒருவருமில்லை. அந்த இடத்திலேயே நின்று அழுதுவிட்டார். கூட்டத்தில் ஒரு யாத்திரிகர் அதைக் கண்டு, பக்கத்தில் வந்து, நகருக்குள் போகும் வரை பேச்சுக்கொடுத்துக்கொண்டே வந்தார்.

முகாம் வாசலில் பெயர்ப் பதிவுக்கு நின்றவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் வந்து பேசிய அந்த ஒருவரின் பெயர் நூலில் இல்லை. ஆனால் முப்பது வருடம் கழித்தும் இப்னு பதூதா அவரை மறக்கவில்லை.

ஹஜ்ஜோடு அவர் நிற்கவில்லை. ஈராக், பாரசீகம், ஆபிரிக்கக் கிழக்குக் கரை, துருக்கி, மத்திய ஆசியா என்று சுற்றி 1333இல் சிந்து நதிக்கு வந்தார். டில்லியில் முகம்மது பின் துக்ளக் அவரை நீதிபதியாக்கினான். தாராளமாகக் கொடுப்பதும் சடுதியாகக் கொல்வதும் அந்த சுல்தானின் வழக்கம். அங்கே சில வருடம் வசதியாகவும் பயந்தும் வாழ்ந்தபின், சீனாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தில் எல்லாம் கெட்டது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கியிருந்தபோது புயல் அடித்தது. பரிசுப் பொருட்கள் ஏற்றிய கப்பல் உடைந்தது. அவருடைய சாமான்களும் ஆட்களும் இருந்த கப்பல் அவரை விட்டுவிட்டுப் பாய் விரித்துப் போய்விட்டது. தொழுகை விரிப்பும் கொஞ்சக் காசும்தான் மிச்சம். வெறுங்கையோடு டில்லிக்குத் திரும்பினால் தலை தப்பாது. அப்படித்தான் மாலைதீவுக்குப் போனார். அங்கும் நீதிபதியானார், திருமணங்கள் செய்தார், அமைச்சரோடு பகைத்துக்கொண்டார், 1344இல் கப்பலேறினார்.

நல்லவர் என்று அவரைத் தூக்கிப்பிடிக்க எனக்கு விருப்பமில்லை. அடிமைகளை வாங்கினார், விற்றார். ஊருக்கு ஊர் கட்டிய மனைவியரை விட்டுவிட்டுப் போனார். தன் மதத்தைச் சேராதவர்களை அவர் குறிப்பிடும் சொல் மரியாதையானதல்ல. ஆனால் கண்டதைக் கண்டபடி சொல்லும் பழக்கம் அவரிடம் இருந்தது. தனக்கு அவமானமான சங்கதிகளையும் மறைக்கவில்லை.

மாலைதீவிலிருந்து அவர் போக நினைத்தது மஃபருக்கு, அதாவது சோழ பாண்டியக் கரைக்கு. காற்று இலங்கைப் பக்கம் தள்ளியது. கடலில் இருந்தபடியே அந்த மலையைக் கண்டார். புகைத்தூண் போல வானத்தில் நின்றதாம். கரை நெருங்கியதும் மாலுமிகள் பயந்தார்கள். இந்தத் துறையின் அரசன் பொல்லாதவன், கடலில் கொள்ளையடிக்கும் கப்பல்கள் வைத்திருப்பவன், இங்கே இறங்கினால் பிழை என்றார்கள். அவர்கள் சொன்ன அரசன் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தி. ஆனால் காற்று இன்னும் பலத்தது. இப்னு பதூதா தன்னைக் கரையில் இறக்கும்படியும், கப்பலுக்குப் பாதுகாப்பு வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

கரையில் அரசனின் ஆட்கள் வந்து யார், எங்கே போகிறாய் என்று விசாரித்தார்கள். மதுரைச் சுல்தானின் சகலன் தான் என்றும், உங்கள் அரசனைப் பார்க்கத்தான் வந்தேன், கப்பலில் இருப்பதெல்லாம் அவருக்கான அன்பளிப்பு என்றும் சொன்னார். சகலன் என்பது உண்மை. மற்றது அந்த நிமிடத்தில் தோன்றியது. சோதனைச் சாவடியில் நின்று, கேள்விக்கு எந்தப் பதில் பொருந்தும் என்று மனதுக்குள் தேடியவர்கள் அவரைக் கோபிக்கமாட்டார்கள்.

இது நடந்த இடத்தை அவர் பத்தாலா என்கிறார். அதைப் புத்தளம் என்றுதான் ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். மர வேலியும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய, அழகான ஊர். ஆற்று வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையெங்கும் குவிந்து கிடந்தன. மறுகரை வணிகர்கள் விலை கொடுக்காமல் அதை ஏற்றிக்கொண்டு போவார்கள். பதிலுக்கு அரசனுக்குத் துணிமணி கொடுப்பார்கள். அரசனுடைய கப்பல்கள் யெமன் வரைக்கும் வியாபாரத்துக்குப் போயின. அரசனுக்குப் பாரசீக மொழி விளங்கும். இப்னு பதூதாவை மூன்று நாள் தன்னோடு வைத்திருந்து, பிற நாடுகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டேயிருந்தான்.

அந்த நாட்களில் முத்துக்குளிப்பில் எடுத்த முத்துகளை அரசன் முன்னால் கொண்டுவந்து தரம் பிரித்தார்கள். எங்கள் மன்னார்க் கடலின் முத்துதான். அவற்றில் நல்லவற்றை எடுத்து விருந்தாளிக்குக் கொடுத்தான். வேறென்ன வேண்டும், வெட்கப்படாமல் கேள் என்றான். இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து தனக்கு ஒரே ஆசைதான், ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிப்பது என்றார் இப்னு பதூதா. அது ஒரு பெரிய காரியமா, ஆள் அனுப்புகிறேன் என்றான் அரசன்.

அந்த ஏற்பாட்டை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் எங்கள் நாட்டில் எழுதிவைக்கப்பட்ட பழைய மலையேற்றத் திட்டங்களில் ஒன்று. ஒரு பல்லக்கு, அதைச் சுமக்க அடிமைகள். வருடா வருடம் பாதத்துக்கு யாத்திரை போகும் யோகிகள் நால்வர். பிராமணர் மூவர். அரசனின் ஆட்கள் பத்துப் பேர். உணவுப் பொருட்களைத் தூக்க 15 பேர். தண்ணீர் வழி நெடுகக் கிடைக்கும் என்பதால் அதைச் சுமக்கத் தேவையில்லை. கப்பல் தலைவனுக்கும் அனுமதி கேட்டார், அவன் பயமின்றி மஃபருக்குப் போகட்டும் என்று. அரசன் சம்மதித்தான். கப்பல் தலைவன்தான் சம்மதிக்கவில்லை. ஒரு வருடம் சென்றாலும் காத்திருந்து, உங்களை ஏற்றிக்கொண்டுதான் போவேன் என்று நின்றுவிட்டான். அவர் திரும்பி வரும் வரையில் அரசனின் விருந்தாளியாகப் புத்தளத்திலேயே தங்கினான்.

சைவ யோகிகள், பிராமணர்கள், ஒரு முஸ்லிம் நீதிபதி. போகிற இடம் சிங்கள அரசனின் நாட்டுக்குள். எனக்குத் தெரிந்த வாழ்நாளில் இந்தக் கூட்டம் மதவாச்சியைத் தாண்டியிருக்காது. யுத்தத்தின் கடைசி வருடங்களில் மன்னார் பஸ் மதவாச்சியில் நின்றுவிடும். பொதியைத் தலையில் வைத்து, வரிசையில் நடந்து, அடையாள அட்டை காட்டி, மறுபக்கம் வேறு பஸ் ஏற வேண்டும். இன்றைக்கு பஸ் அந்த இடத்தை மெதுவாகக் கூடப் போகாமல் கடக்கிறது. எனக்கு இப்போதும் அந்த வளைவில் கை சட்டைப் பைக்குப் போகும்.

முதல் நாள் மூங்கில் கட்டிய தெப்பத்தில் ஒரு ஆற்றைக் கடந்தார்கள். அடுத்து மன்னார் மண்டலி என்று ஒரு ஊர். பெயரைக் கண்டதும் துள்ளி எழுந்தேன். ஆனால் அவர்கள் தெற்கே போகிறார்கள், ஆகையால் அது எங்கள் மன்னாராக இருக்க முடியாது. ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சி எல்லை அது. அங்கே எருமைக் கன்று, சோறு, நெய், மீன், கோழி, பால் என்று விருந்து கிடைத்தது. பிறகு பந்தர் சலாவாத் என்ற சிறிய ஊர், அதாவது சிலாபம். அங்கிருந்து உள்நாட்டுக்குத் திரும்பி, தண்ணீர் நிறைந்த கரடுமுரடான காட்டு வழி.

காட்டில் யானைகள் நிறைய. ஆனால் யாத்திரிகர்களையும் அந்நியர்களையும் அவை ஒன்றும் செய்வதில்லை என்று அவருக்குச் சொன்னார்கள். அதற்கொரு கதையும் இருந்தது. முன்னொரு காலத்தில் ஷிராஸ் நகரத்துப் பெரியார் அபூ அப்துல்லா இப்னு கஃபீஃப் முப்பது பேரோடு இந்த வழியில் வந்தாராம். பசி தாங்காமல் கூட்டத்தார் ஒரு யானைக் குட்டியைக் கொன்று தின்றார்கள். பெரியார் தடுத்தார், தானும் தொடவில்லை. இரவில் யானைகள் வந்து, ஒவ்வொருவரையும் மோந்து பார்த்து, தின்றவர்களைக் கொன்றன. பெரியாரை ஒரு யானை தும்பிக்கையால் தூக்கி முதுகில் வைத்துக் குடிமனைக்குக் கொண்டுபோய் இறக்கியது. அதற்கு முன்னர் இந்த நாட்டார் முஸ்லிம்களை யாத்திரை போக விடுவதில்லை, கூட இருந்து சாப்பிடுவதுமில்லை. அதற்குப் பின்னர் வீட்டுக்குள் அழைத்து, குடும்பத்தோடு இருக்கவிட்டு, மரியாதை செய்தார்கள் என்று எழுதுகிறார். யானைக் கதையை நம்பலாம், விடலாம். வீட்டுக்குள் அழைத்ததை அவர் அந்த நாட்டு வழக்கமாகவே சொல்கிறார்.

அதன் பிறகு குனகார் என்ற தலைநகர். அது எது என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. குருநாகல் என்பார்கள் சிலர், கம்பளை என்பார்கள் சிலர், இரத்தினபுரி என்போரும் உண்டு. அரசனிடம் வெள்ளை யானை இருந்தது. மாணிக்கக் கற்கள் மண்ணில் கிடைத்தன. பெண்கள் அவற்றைக் கழுத்திலும் கையிலும் காலிலும் அணிந்திருந்தார்கள்.

எங்கள் திட்டத்துக்கு இப்போது வருகிறேன். ரயிலையும் யோசித்தோம். 1990இல் நின்றுபோன தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் மீண்டும் திறந்தது. பழைய கொப்பியில் இருந்தபடியே மன்னாரில் ஏறிப் பொல்காவலையில் மாறலாம். ஆனால் அப்படிப் போனால் புத்தளம் வராது. நண்பன் பொல்காவலையில் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொன்னான். நான்தான் வேண்டாம் என்றேன்.

காரணம் இது. யுத்தம் முடிந்தபின் கொழும்புக்குப் போக எத்தனையோ தடவை பஸ் ஏறியிருக்கிறேன். மன்னார் பஸ் மதவாச்சி, அநுராதபுரம், நொச்சியாகம, கலா ஓயா வழியாகப் புத்தளத்தைத் தொட்டுத்தான் சிலாபம், நீர்கொழும்பு போகும். புத்தளத்தில் தேநீருக்கு நிறுத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் இறங்கித் தேநீர் குடித்துவிட்டுத் திரும்ப ஏறியிருக்கிறேன். அவன் வீடு பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம் என்று தெரியும். ஒரு தடவையும் போகவில்லை. போனால் 1990இல் கடற்கரைக்கு ஏன் வரவில்லை என்று அவன் கேட்பான் என்று பயந்தேன். தொலைபேசியில் இத்தனை வருடம் பேசியும் அவன் அதைக் கேட்கவில்லை. அதுவும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆகவே முதல் நாள் விடிய கீரியிலிருந்து ஓட்டோவில் மன்னார் பஸ் நிலையம், அங்கிருந்து கொழும்பு பஸ், புத்தளத்தில் இறங்கல். இரவு அவன் வீட்டில். மறுநாள் அதிகாலையில் புத்தளம் – குருநாகல் பஸ். நிக்கவெரட்டிய, வாரியபொல வழி. குருநாகலில் மாறிக் கண்டி. கண்டியில் ரயில் கிடைத்தால் ரயில், இல்லாவிட்டால் கம்பளை, நாவலப்பிட்டி வழியாக பஸ்ஸில் ஹட்டன். குனகார் எந்த ஊராக இருந்தாலும், குருநாகலையும் கம்பளையையும் எப்படியும் தொட்டுவிடுவோம். மழைக் காலத்தில் மலைநாட்டுப் பாதையில் மண் சரிந்து ரயில் தடைப்படுவதுண்டு. முதல் நாளே நிலையத்தில் விசாரித்துவிட வேண்டும்.

ஹட்டனிலிருந்து பருவகாலத்தில் நல்லதண்ணிக்கு நேரடி பஸ் ஓடும். மற்றக் காலத்தில் மஸ்கெலியாவில் மாற வேண்டும். பருவம் என்பது மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை. அந்தக் காலத்தில் வழி முழுக்க மின்விளக்கு, தேநீர்க்கடை, ஆள் நடமாட்டம். மற்றக் காலத்தில் மழை, இருட்டு, அட்டை. முதன்முதல் போகிறவர்கள் பருவத்தில் போவதே புத்தி. ஆனால் போயா நாளும் சனி ஞாயிறும் கூடாது. படியில் நெரிசலில் நின்று நின்றே விடிந்துவிடும்.

உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கம் படிகள் ஏறத்தாழ 5,500. கயிறும் கருவியும் தேவையில்லை, மூச்சும் முழங்காலும் போதும். பழக்கமானவர்கள் மூன்று நான்கு மணி நேரத்தில் ஏறுவார்கள். எங்கள் வயதுக்கு ஐந்தாறு மணி நேரம் வைக்கிறேன். ஆகையால் இரவு பதினொரு மணிக்கே நடக்கத் தொடங்குவது. களைத்தால் அம்பலங்களில் இருப்பது. கடற்கரை ஆட்களுக்குக் குளிர்தான் எதிரி. உச்சியில் வியர்வையோடு விடியலுக்குக் காத்திருக்கும்போது அது எலும்பில் ஏறும். மாற்று பெனியன் ஒன்று, காதை மூடும் தொப்பி, கனத்த மேற்சட்டை. இறங்கும்போது ஒரு தடி. ஏறுவதை விட இறங்குவதுதான் முழங்காலைத் தின்னும்.

அட்டையைப் பற்றி இப்னு பதூதாவும் எழுதியிருக்கிறார். தண்ணீரோரத்து மரத்திலும் புல்லிலும் இருந்து பாயும் அட்டை. யாத்திரிகர்கள் எலுமிச்சை கொண்டுபோய் அதன்மேல் பிழிவார்கள், விழுந்துவிடும் என்கிறார். அதைக் கவனியாமல் விட்ட ஒருவர் இரத்தம் போய் இறந்த கதையும் அவர் கேட்டிருக்கிறார். எங்கள் பட்டியலிலும் தேசிக்காய் இருக்கிறது. உப்பும் சவர்க்காரமும் கூட வேலை செய்யும் என்று தோட்டத்துச் சனம் சொல்வார்கள்.

நல்லதண்ணியைச் சுற்றி இருப்பது தேயிலைத் தோட்டங்களும் லயன்களும். அந்தச் சனத்தின் முன்னோர் பலர் எங்கள் கரையில்தான் வந்து இறங்கினார்கள். தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் அங்கேயே கிடந்தார்கள். 2023இல் அதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். மன்னாரிலிருந்து மலைக்குப் போகும் வழி, பல்லக்கில் போனவரை விட அவர்களுக்குத்தான் அதிகம் சொந்தம்.

மலைக்கு இரண்டு பாதை, பாவாவின் பாதை, மாமாவின் பாதை என்கிறார் இப்னு பதூதா. பாவா ஆதம், மாமா ஹவ்வா. என் நண்பன் கொப்பியில் எழுதிய பாவா இவர்தான். ஹவ்வாவின் பாதை இலேசு; அதனால் ஏறியவன் ஏறாதவனுக்குச் சமன் என்று பேசிக்கொள்வார்களாம். ஆதத்தின் பாதை செங்குத்து. பாறையில் படி வெட்டி, பிடித்து ஏற இரும்புச் சங்கிலிகள் பத்து தொங்கின. பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கே நின்று கீழே பார்க்கிறவர், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கலிமா சொல்லிவிடுவார்.

அதற்கப்பால் ஒரு குகையும் சுனையும். சுனை நிறைய மீன், ஒருவரும் பிடிப்பதில்லை. அங்கே பொதிகளை வைத்துவிட்டு மேலே ஏறுவார்கள். கறுத்த பாறையில் பாதம், 11 சாண் நீளம். பக்கத்தில் ஒன்பது குழிகள். மற்ற மதத்து யாத்திரிகர்கள் அவற்றில் பொன்னும் மாணிக்கமும் முத்தும் வைத்துவிட்டுப் போவார்கள். மூன்று நாள் குகையில் தங்கி, காலையும் மாலையும் பாதத்துக்குப் போய்வருவது வழக்கம். அவரும் அப்படியே செய்தார். கூட வந்த யோகிகள் தங்கள் தெய்வத்தின் பாதத்தை வணங்கினார்களா, என்ன மந்திரம் சொன்னார்கள் என்பதையெல்லாம் அவர் எழுதவில்லை. சண்டை எதுவும் நடந்ததாகவும் எழுதவில்லை.

இலேசான பாதையால் இறங்கி, தெற்கே தெவிநுவர, காலி, கொழும்பு என்று சுற்றிப் புத்தளம் வந்தார். கப்பல் தலைவன் சொன்னபடியே காத்திருந்தான்.

மஃபர்க் கரையை நெருங்கும்போது மறுபடி புயல். கப்பல் ஆழமில்லாத இடத்தில் தரை தட்டியது. பாய்மரத்தை வெட்டித் தெப்பம் கட்டினார்கள். தெப்பத்தில் இடம் போதாது. மற்றவர்களை முதலில் அனுப்பிவிட்டு இப்னு பதூதா உடைந்த கப்பலின் பின்புறத்தில் இரவு முழுக்க இருந்தார். விடிந்தபின் ஊரார் படகில் வந்து இறக்கினார்கள். கிட்டத்தட்ட அதே கடலில், எங்களை ஏற்றிவந்த படகுக்காரர் இராமேஸ்வரம் என்று சொல்லி ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனார். சுற்றிவரத் தண்ணீர். அடுத்த நாள் மத்தியானம் மீன்பிடிக்க வந்தவர்கள் கண்டு ஏற்றிப் போகும் வரை, அம்மா என் தங்கையின் தலைக்கு மேல் சேலையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மதுரையில் சகலன் சுல்தான் கியாத்துதீன், சிறைபிடித்தவர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் கொன்றதை அவர் கண்ணால் கண்டார். அது இழிசெயல் என்று எழுதிவைத்தார், உறவு என்று மறைக்கவில்லை. பிறகு மலபார்க் கரையில் கொள்ளையர் மறித்து எல்லாவற்றையும் பறித்தார்கள். ஆரியச் சக்கரவர்த்தி கொடுத்த முத்தும் மாணிக்கமும் அதோடு போயின. கால்சட்டை மட்டும் மிச்சமாகக் கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலுக்குள் போய் ஒதுங்கினார். ஒரு சட்ட அறிஞர் உடுப்பு அனுப்பினார், நீதிபதி தலைப்பாகை அனுப்பினார், ஒரு வணிகர் இன்னொரு உடுப்பு அனுப்பினார்.

வங்காளம், சுமத்திரா, சீனா எல்லாம் அதன் பின்னால். சீனாவில் எவ்வளவு தூரம் போனார் என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. 1348இல் டமஸ்கஸுக்கு வந்தபோதுதான் தகப்பன் இறந்து 15 வருடமாகிவிட்டது என்று கேள்விப்பட்டார். அந்த வருடம் கொள்ளைநோய் ஊர் ஊராக மனிதரைத் தின்றுகொண்டிருந்தது. மொரோக்கோ எல்லைக்குள் வந்தபோது தாயும் அந்த நோயில் இறந்துவிட்ட செய்தி கிடைத்தது. சில மாதம்தான் பிந்திவிட்டார். தாஞ்சியருக்குப் போய்க் கல்லறையைத்தான் பார்க்க முடிந்தது.

அதன்பின் ஸ்பெயினின் கிரானடாவுக்கும், சகாரா பாலைவனம் கடந்து மாலிக்கும் போனார். நடந்தும் மிதந்தும் போன மொத்தத் தூரம் ஏறத்தாழ 1,17,000 கிலோமீற்றர் என்று கணக்கிடுகிறார்கள். சுல்தானின் கட்டளைப்படி, இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளரிடம் எல்லாவற்றையும் நினைவிலிருந்து சொல்லி, 1355இல் நூல் முடிந்தது. பிறகு மொரோக்கோவில் நீதிபதியாக இருந்து, 1368 அல்லது 1369இல் இறந்தார்.

நல்லதண்ணியில் அறைக்குச் சொல்லியாயிற்று. புதன்கிழமை இரவு ஏறுவது, வியாழன் விடியல் மேலே. நண்பன் கலா ஓயாப் பாலம் தாண்டியதும் அழைக்கச் சொல்லியிருக்கிறான். பஸ் நிலையத்துக்கு அவனே வந்து நிற்பானாம். ஓட்டோக்காரரிடம் விலாசம் சொல்லி நானே வருகிறேன் என்றேன். உனக்கு வழி தெரியாது மச்சான் என்றான். கீரியில் இருந்து கருவாடும், பனங்கட்டியும் கொண்டுவரச் சொன்னான். தேசிக்காய் அவன் வீட்டு மரத்திலேயே காய்க்கிறதாம்.